கண் கூசிய போன்

செந்தமிழுக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி உப்புப் பாத்திக்குள் எறிந்திருப்பாள். அப்பாவின் போன் என்பதால்தான் எறியவில்லை.

பின்னே என்ன? மரக்காணம் உப்பளத்தில் பளபளவென்று குவிந்து கிடக்கும் உப்பு, போட்டோவில் சாம்பல் மேடாக விழுந்திருந்தது. அதன் முன்னால் நின்ற அம்மாவுக்கு முகமே இல்லை. தலையில் துண்டு கட்டிய ஒரு கறுப்பு உருவம், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் ‘எங்கள் ஊர் முகங்கள்’ என்று போட்டோ கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம் கொண்டுவர வேண்டும். கீதாஞ்சலி டீச்சர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே செந்தமிழ் முடிவு செய்துவிட்டாள், அம்மாவைத்தான் எடுப்பதென்று.

அம்மா பாக்கியலட்சுமி லேசில் பிடிகொடுக்கவில்லை. “வேணாம்டி. எந்த போட்டோல நான் நல்லா இருந்திருக்கேன்? கல்யாண வீட்டுலகூட கடைசியில போய் ஒளிஞ்சுக்குவேன். போய் படகை எடு.”

“படகுக்கு முகம் இருக்குதாம்மா?”

இப்படிக் கெஞ்சிக் கூத்தாடி எடுத்த படம்தான் இந்த லட்சணத்தில் வந்திருந்தது.

பெரியம்மா மகன் பரத் போனை வாங்கிப் பார்த்தான். கல்லூரியில் படிக்கிறான். ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் முதலில் அவன் செல்ஃபிதான் ஸ்டேட்டஸில் வரும்.

“இவ்ளோதானா? ஃபில்டர் போட்டுத் தர்றேன் பாரு.”

விரலால் எங்கெங்கோ தட்டினான். அம்மாவின் முகம் கோலமாவு பூசியது போல வெளுத்தது. மூக்கு சின்னதானது. கன்னத்து மச்சத்தைக் காணோம்.

“யாருண்ணா இது?”

“உங்கம்மாதான்!”

“எங்கம்மாவுக்கு மச்சம் இருக்குது. இவங்க யாரோ. கூட்டிட்டுப் போய் அவங்க வீட்டுல விட்டுட்டு வாங்க.” படத்தை அங்கேயே அழித்துவிட்டாள்.

பரத்துக்கு முகம் சுருங்கிப் போனது. “ரொம்பத்தான் பண்ற. சித்தி கலரே அப்படி. கறுப்பாத்தான் விழுவாங்க. போன் என்னா பண்ணும்?”

செந்தமிழுக்குச் சுருக்கென்றது. ஆனால் அழவில்லை.

“சரிண்ணா, உப்பு என்னா கலரு? அதையுந்தானே கறுப்பாக் காட்டுது? அப்போ தப்பு எங்கம்மா மேல இல்ல. போன் மேலதான்!”

பரத் தன் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

மறுநாள் பள்ளி விட்டதும் அப்பாவிடம் போனை வாங்கிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினாள். கேமராவைத் திறந்து திரையைத் தொட்டால் குட்டியாக ஒரு சூரியன் தெரிந்தது. அதை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும்.

உப்பளத்து ஆட்களின் கண்ணுக்கு வெளிச்சம் என்றாலே எதிரிதான். அவளும் உப்பளத்துப் பெண்தானே? இத்தனை வெளிச்சம் இருந்தால் படம் எப்படி விழும் என்று சூரியனைக் கீழே இழுத்தாள். பட்டப்பகல் அமாவாசையாகிவிட்டது. இருந்த கொஞ்சநஞ்ச அம்மாவும் காணாமல் போனாள்.

“அம்மா, நீ வேற ஏன் கண்ணை இப்படிச் சுருக்கிட்டு நிக்கிற?”

“உப்பு கூசுதுடி. சுருக்கினாத்தான் வெளிச்சம் கம்மியா உள்ள போவும். உன் மூஞ்சிகூட எனக்கு இருட்டாத்தான் தெரியுது.”

செந்தமிழ் போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் துள்ளிக் குதித்தாள்.

“போனுக்கும் கண்ணு கூசுதும்மா! உப்பைப் பார்த்துட்டு அதுவும் கண்ணைச் சுருக்கிக்குது. அதான் எல்லாமே இருட்டாத் தெரியுது!”

“போனுக்குமா? நல்ல கதையா இருக்குதே!”

“நீ நில்லும்மா.”

இந்த முறை திரையில் அம்மாவின் முகத்தைத் தொட்டாள். உப்பைப் பார்க்காதே, எங்கம்மாவைப் பார் என்று போனுக்கு உத்தரவு போடுவதுபோல இருந்தது. பிறகு சூரியனை மெதுவாக மேலே தள்ளினாள். சாம்பல் மேடு உப்பாக மாறியது. இருட்டுக்குள்ளிருந்து அம்மா வந்தாள். நெற்றி வியர்வை, கன்னத்து மச்சம், கண்ணோரத்துக் கோடுகள், எல்லாம் இருந்தன.

“அம்மா, சும்மா என்னைப் பாரேன்.”

க்ளிக்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, அப்பாவின் பழைய சட்டையைப் புடவை மேல் போட்டபடியே அம்மா பள்ளிக்கு வந்தாள். சுவரில் தன் படத்துக்கு எதிரே வெகுநேரம் நின்றாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லையோ என்று செந்தமிழ் அவள் முகத்தையே பார்த்தாள்.

பின்னாலேயே பரத்தும் வந்து எட்டிப் பார்த்தான். “சூப்பராத்தான் வந்திருக்குது. இருந்தாலும் சித்தி, கொஞ்சம் வெள்ளையாக்கி இருக்கலாம்.”

செந்தமிழ் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“வெள்ளையா இருக்க வேண்டியது உப்புடா. அது வெள்ளையாத்தானே இருக்குது?”

சொல்லிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த அப்பாவின் போனைச் செந்தமிழ் கையில் கொடுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்ப் படத்துக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றாள்.

“ம், எடுடி செந்தமிழ். இன்னொண்ணு.”