மருந்தில்லாத புட்டி

"என் வீட்டுக்காரர் பொய் சொன்னாரா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க சார்."

வந்தவள் உட்காரக்கூட இல்லை. துப்பறிவாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய மைத்துனன் அதற்குள் பேனா மூடியைக் கழற்றிவிட்டான். அவனுக்கு எதிலும் அவசரம்.

அவள் கணவர் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தான் கண்டுபிடித்த மருந்து நோய் செல்களைக் கொல்கிறது என்று எழுதினார். அதே மருந்தை ஆய்வுக்கூடத் தலைவி சோதித்துப் பார்த்தபோது ஒரு செல்கூடச் சாகவில்லை. முடிவை இட்டுக்கட்டினார் என்று அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாரடைப்பில் போய்விட்டார்.

"பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்கிறா சார். பொய்யன் மகள்னு கூப்பிடறாங்களாம்."

அவர் வைத்துவிட்டுப் போன சாமான்களைத் துப்பறிவாளர் கேட்டார். பையிலிருந்து இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்து வைத்தாள். பளபளவென்று இருந்தன.

"கடைசியா கழுவி வச்சது. எடுத்துட்டுப் போகவே இல்ல."

அவள் போனதும் மைத்துனன் துள்ளினான். "அத்தான், அந்தத் தலைவிதான்! பொறாமையில மருந்தை மாத்திட்டாங்க!"

"கொஞ்சம் மூச்சு விடு மாப்ளே."

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். தலைவி எதையும் மறைக்கவில்லை. "ரெண்டு பேரும் எடுத்தது ஒரே டப்பா மருந்துதான். நான் புது பிளாஸ்டிக் குழாயில கரைச்சேன். அவர் தன்னோட கண்ணாடிப் புட்டியிலதான் கரைப்பார். இங்க கழுவினா மத்தவங்க புட்டியோட கலந்துடும்னு வீட்டுக்கே கொண்டு போயிடுவார்."

"மருந்து போடாம ஒப்பிட்டுப் பாக்கிற செல்களுக்கு என்ன ஊத்தினார்?"

"சீல் வச்சு வர்ற உப்புக் கரைசல். அதை அந்தப் பாட்டில்லேருந்தே நேரா ஊத்துவார், தன் புட்டியில ஊத்த மாட்டார்."

துப்பறிவாளர் அந்தக் கரைசலை மட்டும் அவள் கொடுத்த புட்டி ஒன்றில் ஊற்றிக் குலுக்கினார். விளிம்பில் மெல்லிய நுரை நின்றது. "இதை நோய் செல் மேல விட்டுப் பாருங்கம்மா."

சற்று நேரம் கழித்து நுண்ணோக்கியிலிருந்து தலை நிமிர்ந்த தலைவிக்கு முகம் வெளுத்திருந்தது. "எல்லாம் உடைஞ்சு கிடக்கு. இதுல மருந்தே இல்லையே!"

"சோப்பு இருக்கு. செல்லைச் சுத்தி இருக்கிற சவ்வு பெரும்பாலும் கொழுப்புதான். எண்ணெய்ச் சட்டியைச் சோப்பு என்ன செய்யுமோ, அதைத்தான் இங்கயும் செஞ்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாம ஒட்டியிருந்தாலே போதும். மருந்துக்குச் சக்தி இல்ல. ஆனா செல் செத்தது நிஜம். அவர் பார்த்ததைத்தான் எழுதியிருக்கார்."

மைத்துனன் சந்தோஷத்தில் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"நான்தான் சார் கழுவுவேன். கிருமி ஒட்டக் கூடாதுன்னு ரெண்டு தடவை சோப்பு போடுவேன். அலசறதுக்கு இங்கேருந்து சுத்தத் தண்ணி கேன்ல கொண்டு வருவார். அந்தக் கனத்தை பஸ்ல தூக்கிட்டு நின்னுக்கிட்டே வருவார். கொட்ட மனசு வராது. கொஞ்சமா விட்டு அலசிட்டு, மிச்சத்தை அடுத்த தடவைக்கு வச்சிடுவேன்."

'கழுவி வச்சது' என்று அவள் நேற்றுச் சொன்னபோதே துப்பறிவாளர் இதை ஊகித்திருந்தார். சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அவர் தலைவியிடம் மெதுவாகச் சொன்னார்: "புட்டி சரியா அலசப்படலன்னு எழுதினா போதும். யார்னு வேண்டாம்."

"வேணும்," என்றாள் அந்தப் பெண். "யார்னு எழுதலன்னா, செல் சாகட்டும்னு அவரே சோப்பைக் கலந்தார்னு சொல்லுவாங்க. பொண்டாட்டி கழுவினான்னு போடுங்க. தண்ணியை மிச்சம் பிடிச்சான்னும் போடுங்க."

தலைவி எழுதினாள். அவள் நீட்டிய தாளில் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் அழுதாள்.