முகர்வான் தும்மிய வீடு

தணிகைவேலின் வாசலில் முகர்வான் மூன்று முறை தும்மியது. நாய் உயரத்தில், நாலு சக்கரத்தில் தெருத் தெருவாக மோப்பம் பிடிக்கும் இயந்திரம் அது. ஒரு தும்மல் சந்தேகம். இரண்டு தும்மல் சோதனை. மூன்று என்றால் வீட்டுக்குள் பாரபென் இருப்பது உறுதி.

பின்னால் வந்த தூய்மைத் துறை ஆய்வாளர் ஷகிலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"சார், நீங்களே எடுத்துக் குடுத்துட்டா எனக்கு வேலை மிச்சம்."

க்ரீமும் ஷாம்பூவும் கெடாமலிருக்கக் கலந்துவந்த பாரபென் தடை செய்யப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 'அனுமதித்த அளவில் கேடு என்று நிரூபணமாகவில்லை, மேலும் ஆராய வேண்டும்' என்றார்கள் விஞ்ஞானிகள். அந்த வாக்கியம் சுவரொட்டியில் அடங்கவில்லை. 'கெடுவதே நல்லது' அடங்கியது. அன்றிலிருந்து க்ரீம், பால் பாக்கெட் மாதிரி தினமும் விடியலில் வந்தது. மறுநாள் குப்பைக்குப் போனது.

போக வேண்டும். ஆனால் தணிகைவேலின் மனைவி கோமளாவுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. ஷாம்பூ பாட்டில் தீர்ந்தால் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, இன்னும் மூன்று தலைமுழுக்குப் பார்த்துவிடும் வம்சம். நாலு நாள் பழைய க்ரீம் பாக்கெட்டிலும் அப்படியே தண்ணீர் விட்டுக் குழைத்து, வெடித்திருந்த குதிகாலில் பூசிக்கொண்டாள். கிருமி ரத்தத்தில் ஏறியது. ஆறாம் நாள் கிடைத்த இறப்புச் சான்றிதழில் தனிக் கட்டம் ஒன்று இருந்தது: 'உடலில் பாரபென்: இல்லை.' பக்கத்தில் பச்சை முத்திரை.

தணிகைவேல் பீரோவிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தார். தடைக்கு முன் வாங்கியது. 'நல்லது பொல்லதுக்குப் போட்டுக்கலாம்' என்று கோமளா ஒரே ஒரு முறை தொட்டுவிட்டு ஒளித்துவைத்தது.

"நான் பூசிக்கிறதில்லம்மா. பாருங்க."

வெள்ளைப் பரப்பில் ஒரு விரல் வழித்த பள்ளம். ஓரத்தில் ரேகைகூடத் தெரிந்தது.

ஷகிலா டப்பாவைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "ஆபீசுக்குக் கொண்டுபோனா உருக்கிடுவாங்க சார்."

"வேற வழி?"

"பதநீக்கி இருக்கு. தொடாமலே பாரபெனை மட்டும் உறிஞ்சிடும். பள்ளம் கலையாது."

"அப்புறம் எத்தனை நாள் தாங்கும்?"

"நாலு நாள். ஃப்ரிட்ஜ்ல வெச்சா பத்து."

அவர் டப்பாவைப் பார்த்தார். "உறிஞ்சுங்கம்மா. பத்து நாள் கிடைக்குதே."

லீவு போட்டார். கால் மணிக்கு ஒரு தடவை ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். "கரண்டு பில்லு யார் கட்டுறது?" என்று அதட்ட ஆளில்லை. திறந்து திறந்து குளிரெல்லாம் வெளியே போய், ஏழாம் நாளே பள்ளத்தின் நுனியில் சாம்பல் நிறப் புள்ளி விழுந்தது. மறுநாள் அது ரேகை வழியே நகர்ந்தது.

பூஞ்சைக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. பள்ளத்தில் தன் விரலை வைத்தார். அவர் விரல் தடிமன், ஓரம் இடிந்தது. மிச்சத்தை வழித்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

மாலையில் முகர்வான் வந்தது. தும்மவில்லை. கதவில் ஒரு பச்சைச் சீட்டை ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனது:

'வாழ்த்துகள். இந்த வீட்டில் நிலைத்திருக்கும் பொருள் எதுவும் இல்லை.'