காலர் மேல் ஒரு வளையம்

வீட்டில் எல்லாரும் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரிந்துவிடும்.

அக்காவின் வெள்ளி வளையம் மேசைமேல் இருந்தது. கைவளையம் இல்லை, கழுத்து வளையம். நல்ல விறைப்பான வெள்ளிக் கம்பி. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கும். அம்மா கல்லூரியில் படித்தபோது போட்டது. பள்ளி விழாவில் தனியாகப் பாட அக்காவைத் தேர்ந்தெடுத்ததும், அம்மா அதை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

"முனையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. கழுத்துப் பக்கவாட்டுல நுழைச்சு மெதுவா திருப்பணும்" என்று அம்மா சொன்னபோது வாண்டுவும் அங்கேதான் இருந்தாள். அவள் காதுதான் அங்கே இல்லை.

விழா அன்று மதியம் அக்கா குளிக்கப் போனாள். வாண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை" என்று சொல்லிக்கொண்டு, இரண்டு முனையையும் பிடித்து இழுத்தாள். வளையம் அகன்றது. அகன்றபடியே நின்றுவிட்டது.

ஐயோ! அவசரமாக அமுக்கினாள். பின்பக்கம் ஒரு நெளிசல் விழுந்ததுதான் மிச்சம். வளையத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றுமே தெரியாதவள் போல ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

அக்கா அகலமான வட்டக் கழுத்துச் சட்டையில் வந்து வளையத்தை மாட்டினாள். அது தொளதொளவென்று சரிந்தது. திறந்த பக்கம் முன்னால் வந்து நின்றது. திருப்பிவிட்டாள். மறுபடியும் சரிந்தது.

"நேத்து நான்தானே போட்டுப் பார்த்தேன்? நானே கெடுத்துட்டேன்" என்றாள் அக்கா. "அம்மா வேலை முடிச்சு நேரா ஸ்கூலுக்கு வருவாங்க. என் கழுத்தைத்தான் முதல்ல பார்ப்பாங்க. நான் பாடப் போகலை."

அக்கா திட்டியிருந்தால்கூட வாண்டு தாங்கியிருப்பாள். அவள் தன்னையே திட்டிக்கொண்டதுதான் தாங்கவில்லை.

"நீ இல்லக்கா. நான்தான் பிடிச்சு இழுத்தேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாண்டுவுக்கு அழுகை பொங்கியது. மூக்கும் ஒழுகியது. சட்டைக் காலரை இழுத்து மூக்கைத் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா! காலர் வச்ச சட்டை போடு. மேல் பட்டன் வரைக்கும் மூடிட்டு, காலர் மேல வளையத்தை மாட்டு. துணி பிடிச்சுக்கும்."

"சட்டைக்கு மேலயா? எல்லாரும் சிரிப்பாங்க."

"போட்டுத்தான் பாரேன்!"

அக்கா அரைமனதோடு கறுப்புச் சட்டையைப் போட்டாள். வளையம் காலரில் கச்சிதமாக உட்கார்ந்தது. முடியை அவிழ்த்துவிட்டதும் பின்பக்க நெளிசலும் மறைந்தது.

அன்று அக்கா அருமையாகப் பாடினாள். தோழிகள் ஓடிவந்து, "புது ஸ்டைலா இருக்கே! யாரோட ஐடியா?" என்று கேட்டார்கள்.

"என் தங்கச்சியோடது" என்றாள் அக்கா. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வாண்டு குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. அம்மா அக்காவை அணைத்துக்கொண்டார். முடிக்குள் போன அவர் விரல் அந்த நெளிசலில் நின்றது.

"நான்தாம்மா" என்றாள் வாண்டு, கேட்பதற்கு முன்னாலேயே.

அம்மா பெருமூச்சு விட்டார். "இனிமே இது வெறும் கழுத்துல நிக்காது."

"பரவாயில்லம்மா. எங்கிட்ட காலர் சட்டை நிறைய இருக்கு" என்றாள் அக்கா.

வீடு வரும்வரை வாண்டு வாயே திறக்கவில்லை. அப்படி ஒரு அதிசயத்தை யாரும் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அக்காவின் காலர் சட்டைகளை மடித்து வைப்பது வாண்டுவின் வேலை. யாரும் சொல்லவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள்.