எட்டாவது படம்

நாடின் எந்தப் பொருளுக்கும் ஏழு படம்தான் எடுப்பாள். முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது, அடிப்பாகம், அடையாளக் குறி, கடைசியாக அளவு தெரிவதற்கு ஓரத்தில் மஞ்சள் மர அடிக்கோலை வைத்து ஒன்று. பதினொரு வருடமாக இணைய ஏலத் தளத்தில் பழைய சாமான் விற்கிறாள். ஆறோடு நிறுத்தியதும் இல்லை, எட்டுக்குப் போனதும் இல்லை. அந்த ஜனவரிச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிறிஸ்துமஸ் விற்பனை ஓய்ந்து, சாப்பாட்டு மேசையில் அடிக்கோலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து ‘விற்றவை’ என்ற ஃபோல்டரைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தபோது, முட்டைவடிவக் கண்ணாடியின் படங்கள் எட்டு இருந்தன.

மறுபடி எண்ணினாள். எட்டுதான்.

எட்டாவது படமும் பார்வைக்கு மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. ஜன்னலோர நாற்காலியில் சாய்த்து வைத்த கண்ணாடி, அதன் பின்னால் சாம்பல் நிறப் போர்வை, கண்ணாடிக்குள் வீட்டின் நடைவழி, சுவரில் பேரிக்காய் அச்சிட்ட பழைய தாள், தாளின்மேல் கூரை ஒழுகி இறங்கிய பழுப்புக் கறை, கோடியில் ஒரு கதவு. ஒரே ஒரு வித்தியாசம். கதவு நாலு விரற்கடை திறந்திருந்தது.

கண்ணாடி விற்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. நேரே நின்று எடுத்தால் வாராத தலையும் வீட்டு அங்கியுமாக விற்கிறவளே படத்தில் விழுந்துவிடுவாள். அதனால் நாடின் ஒதுங்கி நின்று பக்கவாட்டில்தான் எடுப்பாள். அப்போது கண்ணாடிக்குள் நடைவழியும் கோடியறைக் கதவும் வரும். அந்த அறையில் அவள் புருஷன் வெய்ன் நாலு வருடமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். ஏரிக்கரை ஆஷ்டபூலா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நோயாளிக் கட்டில் தெரிந்தால் எவன் ஏலம் கேட்பான்? காமிராவைத் தொடுமுன் போய் அந்தக் கதவைச் சாத்துவது அவள் கைக்கு அப்படியே படிந்துபோன பழக்கம். மறந்தது கிடையாது.

விற்ற பொருளின் படங்களை, வாங்கினவர் அதைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் கெடு முடியும்வரை அழிக்கக் கூடாது என்பதையும் அவள் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். நெப்ராஸ்காவில் ஒருத்தி நல்ல ஜாடியை வைத்துக்கொண்டு, உடைந்த ஜாடியைத் திருப்பி அனுப்பினாள். கைப்பிடியோரத்து மயிரிழைக் கீறல் படத்தில் இருந்ததால் நாடின் தப்பித்தாள். சூடு கண்ட பூனை. அன்றுமுதல் கெடு முப்பது நாள், அதற்கு மேல் பயத்துக்குப் பத்து நாள். பிறகு படங்களை அழித்து, கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

இந்தக் கண்ணாடியின் படங்கள் மட்டும் நவம்பரிலிருந்து கிடப்பதற்குக் காரணம் வெறும் சோம்பல். ஏரிக்கரைச் சாலையில் ஒரு கிழவி செத்துப்போய், அவள் வீட்டுச் சாமான்களை உறவினர்கள் விற்றபோது, நாடின் ஒரே அச்சில் இரண்டு கண்ணாடிகள் வாங்கினாள். எதிரெதிர்ச் சுவரில் மாட்டியிருந்தன. அந்துருண்டையும் ஈரக் கம்பளியும் நாறிய அந்த அறையில், கிழவியின் மருமகன் ஆணிகளைக் கழற்றியபடி சொன்னான்: “அத்தை நாள் முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் உக்காந்திருப்பாங்க. என்ன பண்றீங்கன்னு கேட்டா, கதவு தேடுறேன்னு சொல்வாங்க.”

முதல் கண்ணாடியைப் படமெடுத்து விற்றாள். வாங்கியவள் எழுதிய பாராட்டு கொஞ்சம் விசித்திரமாக இருந்தது: ‘கண்ணாடி அருமை. உங்கள் நடைவழியும் அழகு.’ படத்தைப் பார்த்துச் சொல்கிறாள் என்று நாடின் விட்டுவிட்டாள். இரண்டாவது கண்ணாடி கார் கொட்டகையிலேயே கிடந்தது, வீட்டுக்குள் வரவேயில்லை. இரண்டும் ஒன்றுபோல இருக்கையில் எதற்கு இன்னொரு தடவை மல்லாடுவது என்று பழைய படங்களையே போட்டாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கொட்டகையிலேயே பொட்டலம் கட்டி, டுலூத் நகரத்து ஹால்வர்சன் என்பவருக்குப் போன வாரம் அனுப்பிவிட்டாள். இந்தத் தப்பைச் செய்யாத விற்பனைக்காரர் யாரும் கிடையாது.

கோடியறையில் மணி அடித்தது. வெய்ன் வலது கையால் ஆட்டும் பித்தளை மணி. விற்க வாங்கி, அவனுக்கென்று அவள் எடுத்து வைத்த ஒரே பொருள் அதுதான். சூப்பைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

“போறப்ப அந்தம்மாவையும் கூட்டிட்டுப் போ,” என்றான், இழுத்துக்கொண்ட வாயால்.

“எந்தம்மா?”

“கதவோரமா நிக்கிறாங்களே. முதுகக் காட்டிக்கிட்டு.”

“ஆமா, உனக்குப் பொண்ணு குடுக்க வந்திருக்காங்க. வாயத் தொற.”

அவள் கேலிக்கெல்லாம் வெய்ன் பாதி வாயாலாவது சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே நாலு கரண்டி விழுங்கினான். வெளியே ஏரிக்காற்று பலகைச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பனி அப்பியிருந்ததால் அறைக்குள் பழைய பால் நிறத்தில் மங்கலான வெளிச்சம். சூப்பின் வாசனைக்கும் மருந்து வாசனைக்கும் அடியில் வேறொரு நாற்றம் மெலிதாக வந்தது. அந்துருண்டை. ஈரக் கம்பளி. நாடின் கதவைச் சாத்திவிட்டு, வேண்டிய அவசரத்துக்கு மேலேயே அவசரமாகத் திரும்பி வந்தாள்.

கம்ப்யூட்டரில் ஹால்வர்சனின் செய்தி காத்திருந்தது.

‘வணக்கம்மா. கண்ணாடி பத்திரமா வந்துச்சு, பேக்கிங் அருமை. ஆனா ஒரு சிக்கல். சுவத்துல மாட்டினா எங்க வீடு தெரிய மாட்டேங்குது. உங்க படத்துல இருக்கிற நடைவழிதான் தெரியுது.’

ரிட்டர்னுக்கு என்னென்ன காரணமெல்லாம் கண்டுபிடிக்கிறான்கள் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. வழக்கப்படி ஒரு வரி அடித்தாள்: ‘படம் எடுத்து அனுப்புங்க.’

படம் வந்தது. மஞ்சள் சுவர், நாட்காட்டி, நாயின் தண்ணீர்க் கிண்ணம், நடுவில் அவள் விற்ற கண்ணாடி. நேரே நின்று எடுத்திருக்கிறார். கண்ணாடிக்குள் அவர் இருந்திருக்க வேண்டும். அவர் இல்லை. பேரிக்காய்த் தாள் இருந்தது. பழுப்புக் கறை இருந்தது. கறைக்குப் பக்கத்து ஆணியில் அவளுடைய நீல ஜாக்கெட் தொங்கியது. அதை அவள் அங்கே மாட்டியது இன்று காலையில்தான். கோடியில் கதவு விரியத் திறந்திருந்தது. நிலைப்படியில் நரைத்த தலையோடு ஒரு முதுகு.

‘யாரும்மா அந்தப் பெரியம்மா? காலையிலேர்ந்து நிக்கிறாங்களே, உடம்பு ஏதும் சரியில்லையா?’ என்று கீழே எழுதியிருந்தார்.

மெல்லத் திரும்பி நடைவழியைப் பார்த்தாள். யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது, அவள் சாத்தியபடியே.

அவளைப் போலவே பழைய சாமான் விற்கும் ரோண்டாவுக்குப் போன் போட்டாள். ரோண்டா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அடியே, உன் படத்தையே வெட்டிக் கண்ணாடிக்குள்ள ஒட்டி வேல காட்றான்டி அந்தாளு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். படம் இருந்தாத்தானே இந்தத் தகராறு? அழிச்சுத் தொலை.”

“இன்னிக்குக் காலையிலதான்டி அந்த ஜாக்கெட்ட மாட்டினேன்.”

“நீ மொதல்ல வெய்னப் போய்ப் பாரு,” என்றாள் ரோண்டா. குரலில் சிரிப்பு இல்லை.

போனைக் கையில் பிடித்தபடி நடைவழியில் நடந்தாள். பதினாறடி நீளம்தான் இருக்கும். அன்று அது முடிவேனா என்றது. தரைப்பலகை அவள் காலடியில் முனகியது, அவள் கால் எடுத்த பிறகு இன்னொரு தடவை முனகியது. கதவைத் திறந்தாள். வெய்ன் கண்ணை மூடியிருந்தான், மார்பு ஏறி இறங்கியது. கட்டில், மேசை, மணி, ஆறிய சூப்பு. வேறு யாரும் இல்லை. அந்துருண்டை நாற்றம் மட்டும் அறையை நிறைத்திருந்தது.

கையில் போன் அதிர்ந்தது. ஹால்வர்சன்.

‘உள்ள வந்துட்டீங்க போல. நல்லதாப் போச்சு. அவங்க கட்டிலுக்கு அந்தப் பக்கம் குனிஞ்சு நிக்கிறாங்க.’

கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவர் இருந்தது. சுவர் மட்டும்.

மறுபடி அதிர்ந்தது.

‘இப்ப நிமிந்துட்டாங்க.’

வெய்ன் கண்ணைத் திறந்தான். நாடினைப் பார்க்கவில்லை.

‘உங்க பக்கத்துலயே வந்து நிக்கிறாங்களே. தெரியலையா?’

அவள் காதோரம் யாரோ மூச்சுவிடுவது போல முடி அசைந்தது. வெய்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றால், இரண்டு ஆள் இல்லாமல் அவனைக் கட்டிலைவிட்டு நகர்த்தவே முடியாது. அந்த இரண்டாவது கண்ணாடி இந்த வீட்டுக்குள் வரவேயில்லை. வீடுதான் படமாக அதனிடம் போயிருக்கிறது. படம்தான் வழி. படத்தை அழித்தால் வழி அடைபடும்.

“இரு வெய்ன். இதோ வந்துட்டேன். ஒரே நிமிஷம்.”

ஓடினாள். ஓடுகிற ஓட்டத்திலும் கை பழக்கத்தில் பின்னால் போய்க் கதவைச் சாத்தியது.

ஏலத் தளத்தில் படங்களை நீக்கினாள். ஃபோல்டரில் எட்டையும் தேர்ந்தெடுத்தாள். அழி. குப்பைத்தொட்டி. காலி செய். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம். ஆம்.

காற்று நின்றதுபோல் வீடு அமைதியானது. அந்துருண்டை நாற்றம் இல்லை. நாடினுக்கு அழுகை வந்தது, நிம்மதியில். மேசையில் தலை சாய்த்தாள். அப்போது செய்தி வந்தது.

‘சரியாயிடுச்சும்மா! இப்ப அந்தக் கதவே இல்ல, சுத்தமான சுவருதான் தெரியுது. புகார வாபஸ் வாங்கிக்கிறேன். ரொம்ப நன்றி.’ கூடவே ஐந்து நட்சத்திரம்.

அந்தக் கதவே இல்ல.

இன்னொரு முறை படித்தாள். தலையைத் தூக்கினாள்.

பேரிக்காய்கள். கறையைத் தாண்டி, ஜாக்கெட்டைத் தாண்டி, கோடிவரை வரிசை வரிசையாகப் பேரிக்காய்கள். நிலைப்படி இல்லை. கைப்பிடி இல்லை. ஓடிப்போய் உள்ளங்கையால் தடவினாள். முப்பது வருடப் பழைய தாள், ஒட்டின ஒட்டு விடாமல், தூசி படிந்து.

சுவருக்குள் மணி அடித்தது.

“வெய்ன்!”

மணி. இன்னும் வேகமாக.

செருப்பில்லாமல் வெளியே ஓடினாள். முழங்காலளவு பனியில் வீட்டைச் சுற்றினாள். பக்கச் சுவரில் வெள்ளைப் பலகைகள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை. ஜன்னல் இல்லை. கொட்டகையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து அடித்தாள். தாள் கிழிந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. மரச்சட்டம். அதற்குப் பின்னால் வெளிச்சுவரின் பலகை. பலகையும் பிளந்தது. ஓட்டை வழியே பார்த்தாள். பனி. பக்கத்து வீட்டு வேலி. நடுவில் ஓர் அறை இருப்பதற்கு ஒரு சாண் இடமும் இல்லை.

மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில்.

மேசையில் கம்ப்யூட்டர் ஒரு சின்னச் சத்தம் போட்டது.

‘விற்றவை’ ஃபோல்டருக்குள் புதிதாக இன்னொரு ஃபோல்டர் வந்திருந்தது. பெயர், வெய்ன். நவம்பரில் எடுத்த படங்களையே மறுபடி போட்ட தன் சோம்பலை நினைத்துக்கொண்டே, ஒவ்வொன்றாகத் திறந்தாள். சாம்பல் நிறப் போர்வையின் மேல் முன்பக்கம். பின்பக்கம். இடது, விழுந்துபோன கை. வலது, மணியோடு. உள்ளங்கால்கள். அடையாளக் குறி, முழங்காலில் கிரேன் கம்பி கிழித்த தழும்பு, மிக அருகில், மிகத் துல்லியமாக. அவள் எடுப்பது போலவே, அவள் வரிசைப்படியே.

ஏழாவது, அவன் முகம். கன்னத்தோரம் அளவுக்காக வைத்த மஞ்சள் அடிக்கோல்.

மேசையைப் பார்த்தாள். அடிக்கோல் இருந்த இடம் காலியாக இருந்தது.

எட்டாவதும் ஏழாவதைப் போலத்தான் இருந்தது. அதே முகம், அதே அடிக்கோல். கொஞ்சம் விலகி நின்று எடுத்ததால் அடிக்கோலைப் பிடித்திருந்த கையும் விழுந்திருந்தது. கிழட்டுக் கை, ஈரக் கம்பளிச் சட்டையின் கை. வெய்னின் கண்கள் திறந்திருந்தன. படமெடுப்பவரைப் பார்த்து, பாதி வாயால், அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.