பதினேழாவது வேகனின் சீல்

சாயங்கால மழைக்குப் பின் நனைந்த சரளையும் கிரீஸும் கலந்த வாடையில், நின்றிருந்த சரக்கு ரயிலின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டுக்கொண்டே வந்தார் பரிசோதகர். ஒரு தட்டுக்கு ஒரு சத்தம்தான் வரவேண்டும். பதினேழாவது வேகனில் இரண்டு வந்தது. இரண்டாவது, உள்ளேயிருந்து.

பட்டியலில் வேகன் எண்ணை இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் இங்கேதான் இதற்குச் சீல் வைத்தார். சரக்கை வாங்க ஆள் வராததால், ஐந்து ரயில் கம்பெனிகளிடம் கைமாறிவிட்டு அதே சீலோடு திரும்பியிருந்தது. ஒரு கம்பெனி அடுத்த கம்பெனியிடம் வேகனை ஒப்படைக்கும்போது யாரும் கதவைத் திறப்பதில்லை. சீல் உடையாமல் இருந்தால் போதும், பட்டியலில் 'சரி' என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள்.

சகலைக்கும் இந்த வழக்கம் தெரியும். இவர் மனைவியின் தங்கையைக் கட்டியவன், வேகனை வாங்கிக்கொள்ளும் கம்பெனியின் பரிசோதகன். தினமும் ரயிலின் அந்தப் பக்கம் அவன் நடப்பான், இந்தப் பக்கம் இவர். அவனுக்குச் சம்பளம் கூட. கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். "அவரைப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா?" என்பாள் மனைவி, சாப்பிட உட்காரும்போதெல்லாம். இவருக்குச் சாப்பாடு இறங்காது.

சீல் வைத்த அன்று, மூட்டைகள் நனைந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சகலை உள்ளே ஏறினான். "ஒரு நிமிஷம்ணே." இவர் கதவை இழுத்துச் சாத்தினார். அடுத்த ஸ்டேஷனில் கத்திக் கூப்பாடு போட்டு வெளியே வரட்டும், மானம் போகட்டும் என்றுதான் நினைத்தார். ஆனாலும் சீலையும் வைத்தார்.

எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்று பேச்சு. வீட்டில் அக்காவும் தங்கையும் அவனை நினைத்தே அழுகிறார்கள். ஆள் இல்லாதபோதும் அவன்தான் உசத்தி. நினைக்க நினைக்க இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சார், நின்னுட்டீங்க? சீல் சரியாத்தானே இருக்கு?" அந்தப் பக்கமிருந்து, சகலையின் இடத்துக்கு வந்த புதுப் பரிசோதகரின் குரல்.

"மூட்டை நனைஞ்ச மாதிரி இருக்கு. பாத்துட்டு வரேன்."

உள்ளே கிடப்பதை வேறு யாராவது கண்டால், சீலில் இருக்கும் எண் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சீலை வெட்டிக் கதவைத் தள்ளி ஏறினார். சாக்குத் தூசி, துருப்பிடித்த இரும்பு. பிண வாடை இல்லை. அதுதான் அவரை நடுங்க வைத்தது.

டார்ச் அடித்தார். மூட்டைகள். இடுக்குகள். யாருமில்லை. ஒரு செருப்புகூட இல்லை.

எதிர்ச்சுவரில் சாக்பீஸ் எழுத்து. முத்து முத்தாக. கைமாறிய ஐந்து இடங்களின் பெயர், தேதி. ஒவ்வொன்றின் எதிரிலும் 'சரி'. ஆறாவதாக இன்றைய தேதி. அதற்கு எதிரில் வெற்றிடம்.

முதுகுக்குப் பின்னால் கதவு உருண்டது.

இருட்டு.

வெளியே, கதவை ஒட்டி, பழகிய குரல். "ஒரு நிமிஷம்ணே."

சீல் இறுகும் சத்தம். கதவை அறைந்தார். கத்தினார். வேகனின் மறுபக்கமிருந்து காலடிகள் நிதானமாகச் சுற்றி வந்து கதவருகே நின்றன.

"பதினேழு, சீல் சரி," என்றார் புதுப் பரிசோதகர். "எடுத்துக்கலாம்."

வேகன் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. டார்ச் வெளிச்சத்தில், இன்றைய தேதிக்கு எதிரில், பிடித்திருக்க ஒரு கை இல்லாமல், சாக்பீஸ் நிதானமாக எழுத ஆரம்பித்தது.