அம்பும் கோடும்

"இந்த பெல்ட்டை மாட்டின புண்ணியவான் யாருங்க?"

கராஜில், காரின் பானெட்டுக்குள் குனிந்தபடியே கேட்டாள் மெரேயானா. வெளியே மழை... ஹொகிடிகா என்ற அந்தக் கடற்கரை ஊரில் மழைக்கு வேறு வேலை ஏது?

"நான்தாங்க. போன வருஷம்..."

நிமிர்ந்தாள். எதிரே நின்றவனுக்கு நனைந்த செம்பட்டை முடி. சாம்பல் நிறக் கண்கள். அந்தக் கண்களை இரண்டு நொடி அதிகமாகப் பார்த்துவிட்டது புரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டாள்.

"டைமிங் பெல்ட் மாத்தத் தெரிஞ்சுது, பின்னாடி இருக்கற ஆயில் சீலை மாத்தத் தோணலையா? ஒழுகி ஒழுகி பெல்ட்டே எண்ணெய்க் குளியல் போட்டிருக்கு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா அறுந்து, என்ஜினே போயிருக்கும்."

"நான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கறவன். ஏதோ கைக்கு வந்ததைச் செஞ்சேன்."

"அப்ப பியானோவோட நிறுத்திக்கணும்."

அதிகப்படியாகப் பேசிவிட்டோம் என்று தோன்றியது. அவன் கோபிக்கவில்லை... சிரித்தான். அது இன்னும் மோசம்.

பெயர் ஃபெர்கஸ். டனீடின் நகரத்துக்காரன். கடற்கரை ஊர்களில் பள்ளி, தேவாலயம் என்று பியானோ தேடிப் போகிறவனுக்கு அந்தப் பழைய கார்தான் பிழைப்பு. அவளுக்கும் அது சாதாரணக் கார் அல்ல. கராஜை ஒரு மாதம் அவள் பொறுப்பில் விட்டுப் போன அப்பா, வாசலில் நின்று சொன்ன வார்த்தை காதிலேயே இருந்தது. "ஒரு என்ஜின் கெட்டாலும் கராஜை வித்துடுவேன், சொல்லிட்டேன்."

புது சீல்கள் கிரைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து வர வேண்டும். மலைப்பாதையில் மண் சரிந்ததால் மூன்று நாள் தாமதம். தினமும் பத்து மணித் தேநீருக்குச் சரியாக ஃபெர்கஸ் வந்து நிற்பான், இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் இரண்டோடு.

"பார்சல் வந்துச்சா?"

"வரலை."

"சரி... 'பை' ஆறிடும், சாப்பிடுங்க."

நான்காம் நாள் பார்சல் வந்துவிட்டது. ஏனோ அவளுக்குச் சந்தோஷமே இல்லை. பழைய சீல்களை நெம்பி எடுத்து, புதியவற்றின் உதட்டில் எண்ணெய் தடவி, கோணாமல் உட்கார வைத்தாள். அவன் பக்கத்தில் நின்று, எலி குடும்பம் நடத்திய பியானோ ஒன்றின் கதையைச் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினாள்.

ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்பானர் கைப்பிடியைப் பிடித்து என்ஜினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். அது அந்தக் கராஜின் சட்டம்.

"நீங்களே சுத்துங்க, உங்க கார்தானே."

கால் சுற்று வந்ததும் அவன் கை நின்றது. "முட்டுது."

"புது பெல்ட், இறுக்கமா இருக்கும். அழுத்துங்க."

"இறுக்கம் வேற, முட்டறது வேறங்க. இரும்பு இரும்பைத் தொடுது. விரலுக்குத் தெரியுது."

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கே தொழில் சொல்லித் தர்றீங்களா? நகருங்க."

கைப்பிடியைப் பிடுங்கப் போனாள். அவன் விடவில்லை. அவள் கைமேல் அவன் கை... "ஒரே ஒரு தடவை குறியைப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

டார்ச் அடித்தாள்.

பெல்ட் ஓடும் பல்சக்கரத்தில் அம்பு ஒன்று, கோடு ஒன்று. என்ஜினில் இருக்கும் கோட்டுக்கு நேராக அந்தக் கோட்டைத்தான் வைக்க வேண்டும். அவள் அம்பை வைத்திருந்தாள். தொழில் பழக வந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் வால்வு வளைந்திருக்கும்... என்ஜின், கராஜ், எல்லாம் போயிருக்கும்.

'அவனுக்கு என்ன தெரியும்? ஏதாவது சொல்லிச் சமாளிச்சிடலாமே...'

முடியவில்லை.

"தப்பு என்னோடதுதான்," என்றாள் மெல்ல. "அம்பைப் பார்த்து வெச்சுட்டேன். நீங்க கையை எடுத்திருந்தா..."

அவன் குத்திக்காட்டவில்லை. டார்ச்சை வாங்கி அவளுக்கு வெளிச்சம் காட்டினான். பெல்ட்டைக் கழற்றி, கோட்டுக்குக் கோடு வைத்து மறுபடி மாட்டினாள். அவன் சுற்றினான். ஒரு சுற்று... இரண்டு... வெண்ணெய் மாதிரி சுற்றியது. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் ஓடவிட்டும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் அங்கேயே டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி, கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஒன்பது வருஷமா இந்தத் தப்பைப் பண்ணினதே இல்ல," என்றாள். "இன்னிக்கு... நீங்க கதை சொல்லிட்டு இருந்தீங்க. நான் சக்கரத்தைப் பார்க்கலை. உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

சொல்லியே விட்டாள்.

ஃபெர்கஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும். பார்சல் வந்துச்சான்னு தினம் கேட்டேனே... 'வரலை'ன்னு நீங்க சொன்ன பிறகுதான் எனக்கு அந்த 'பை'யே தொண்டையில இறங்கும்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எண்ணெய்க் கறை கன்னத்தில் ஏறியது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரட்டுமா?" என்று கேட்டான் அவன். "ஆனா... காரும் சரியாயிடுச்சே. என்னன்னு சொல்லிட்டு வர்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் மெரேயானா. "சும்மா வாங்க."