பிளாங்க் பாட்டில்

“மூணாம் நிலையத்து நோட்டு எனக்கு வேணும், சார்.”

ஆய்வகத்தில் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: லீவு கேள், புது நாற்காலி கேள், அந்த நோட்டை மட்டும் கேட்காதே. கேட்டுவிட்டாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசையில் அவருடைய அறிக்கை கிடந்தது. காயலில் கலக்கும் உரமும் சாக்கடையும் அளவோடுதான் இருக்கின்றன, நீர் எடுத்துச் சோதிக்கும் மூன்றாம் நிலையம் உட்பட எங்கும் ஆபத்தில்லை என்றது அது. அவள் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

“உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு பாதியில விட்டுட்டுப் போயிட்டா. அவ எழுதினதெல்லாம் தப்பு. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடு. உன் பட்டமும் என் கையிலதான் இருக்கு.”

“பிளாங்க் குறையுது, சார்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

காயல் நீரைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, வெளிச்சம் புகாமல் அலுமினியத் தாள் சுற்றி வைப்பார்கள். உள்ளே இருக்கும் உயிர்கள் மூச்சுவிட விட ஆக்சிஜன் குறையும். பக்கத்திலேயே, ஒப்பிட்டுப் பார்க்க, அதேபோல் தாள் சுற்றி, காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில். அதுதான் பிளாங்க். அதில் உயிரே கிடையாது, குறைய ஒன்றுமில்லை. அதனால் யாரும் அதை அளப்பதில்லை. போன வாரக் கணக்கையே இந்த வாரமும் எழுதிவிடுவார்கள். படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சோம்பல் கட்டுப்படியாகும். இவள் அளந்தாள். நான்கு நாட்களாக அதிலும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்தது.

பேராசிரியர் இருட்டறை அலமாரியின் சாவியை மேசைமேல் தள்ளினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விடுமுறை நாள். நடைக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் மட்டும் ரேடியோவுடன் உட்கார்ந்திருந்தார்.

“கேட்டுட்டியா? உனக்கு நாக்குலதான் சனி, பாப்பா.”

“அந்த அலமாரியில என்னண்ணே இருக்கு?”

“எனக்கென்ன தெரியும்? அந்த ரூம்ல ஒரு பாட்டில் சத்தம் போடும். நான் ரேடியோவைக் கூட்டி வச்சுக்குவேன்.”

சிரித்தபடிதான் சொன்னார். கை ரேடியோவின் குமிழை விடவில்லை.

பாசியிலிருந்து பிரித்தெடுத்த பச்சையத்தை வெளிச்சம் கெடுத்துவிடும் என்பதால், பாட்டில்கள் வைக்கும் இருட்டறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. வெளியே உச்சி வெயில் கொளுத்த, உள்ளே ஒரே ஒரு மங்கிய பச்சை விளக்கு, குளிர்பெட்டியின் முனகல், எங்கோ அழுகும் நத்தைகளின் வாடை. அவள் நின்றால் கூடவே நின்று, நடந்தால் அரை நொடி தாமதித்து நகரும் சுவர் நிழல். அலமாரியைத் திறந்தாள். கீழ்த் தட்டில் நோட்டு இருந்தது. அட்டை ஈரமாக இருந்தது.

முந்தையவளும் பிளாங்க்கை அளந்திருந்தாள். எட்டு. ஏழு. ஐந்து. இரண்டு. பூஜ்யம். அதற்குக் கீழே ஒரு வரி: *இப்போது உள்ளேயிருந்து தட்டுகிறது.*

இன்று காலை இவள் அளந்ததும் பூஜ்யம்தான்.

டிக்.

அவளுக்கு அம்மா நினைவு வந்தது. மூன்றாம் நிலையத்துக் கம்பத்தருகே இடுப்பளவு நீரில் நின்று சிப்பி பொறுக்கும் அம்மா. கரையில் எல்லோரிடமும் “எம் பொண்ணு தண்ணிக்கு டாக்டர்” என்று பீற்றிக்கொள்ளும் அம்மா. போன வாரம் போனில் சொன்னாள்: “தண்ணிக்குள்ள நிக்கும்போது யாரோ கால் விரலை எண்ணுற மாதிரி இருக்குடி.” இவள் சிரித்தாள். மீன்குஞ்சா இருக்கும்மா என்றாள்.

அந்த நீரில் மீன் செத்து ஒரு வருடமாகிறது. அதை இவளே கணக்கெடுத்திருந்தாள்.

டிக். டிக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். குளிர்பெட்டியின் சத்தம் இல்லை. விளக்கினுடையதும் இல்லை. இவளுடைய பிளாங்க் பாட்டில்தான். இவள் கையால் நிரப்பி, மூடி, தேதி எழுதிய பாட்டில்.

பாட்டிலின் அலுமினியத் தாளைப் பிரித்தாள்.

இருட்டில் பாசி வளராது. வளர்ந்திருந்தது. உள்புறக் கண்ணாடி முழுக்கப் பச்சைப் படலம். அதில் ஐந்து சிறிய வட்டங்கள் மட்டும் துடைத்ததுபோலத் தெளிவாக இருந்தன. விரல்நுனி அளவு. வெளியிலிருந்து தேய்த்தாள். அழியவில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாவது வட்டம் தெளிந்தது.

பாட்டிலில் தாளைச் சுற்றினாள். நோட்டையும் சேர்த்துப் பைக்குள் போட்டாள்.

பேராசிரியர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அறிக்கையின் காலி இடத்தின் மேல் சாவியை வைத்தாள்.

“தெரிஞ்சேதானே அந்தத் தண்ணிக்குள்ள எங்க ஆளுங்களை நிக்க விட்டீங்க?”

“பட்டம் வேண்டாமா?” என்றார்.

“நீங்களே மாட்டி வச்சுக்கோங்க.”

நடைக்கூடத்தில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. உதவியாளர் அவள் பையையே பார்த்தார், பிறகு இன்னும் கூட்டினார்.

அம்மா தண்ணீரில் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கரையிலேயே மறித்துவிட வேண்டும். எல்லோர் முன்னாலும் இந்தத் தாளைப் பிரிக்க வேண்டும். அவள் வெயிலில் இறங்கி, காயல் பக்கம் நடந்தாள். நிற்கவில்லை.

இடுப்பில் இடித்த பைக்குள் சத்தம் தொடர்ந்தது. ஐந்து தட்டு. ஒரு இடைவெளி. ஐந்து தட்டு.

செருப்புக்குள், யாரும் தொடாமலே, அவளுடைய கால் விரல்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன.